ஆட்காட்டி கூவிய தப்புச் செய்தி

செங்கரை ஏரியில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. கரையில் மனிதன் காலடி பட்டால் முதலில் அதற்குத்தான் தெரியும். ஏரிநீர் வழிந்தோடும் இடத்தில் உயரமான கல் ஒன்று உண்டு. பறவைகள் அதைக் கூவுகல் என்று அழைத்தன. அதில் ஏறி ஆட்காட்டி மூன்று முறை கூவினால் ஏரியே எழுந்து பறக்கும். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்லை விட்டு இறங்கிப் பேசுவதெல்லாம் வெறும் அரட்டை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. அந்த ஏரியின் வழக்கம் அப்படி.

ஒருநாள் காலை தாழைக்கோழியின் கூடு ஒருபக்கம் சரிந்து காலியாகக் கிடந்தது. ஐந்து முட்டைகள் இருந்த கூடு அது. தாழைக்கோழி அலறிய அலறலில் ஆட்காட்டி பறந்து வந்தது. கோரைப் புல்லுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்ப்பாம்பு நழுவிப் போவது தெரிந்தது. ஆட்காட்டி கண்ணால் கண்டது அவ்வளவுதான். மீதியை அதுவே நினைத்துக்கொண்டது.

நேரே கூவுகல்லுக்குப் போனது. "தண்ணிப்பாம்பு முட்டையைத் தின்னுடுச்சு!" என்று மூன்று முறை கூவியது. அக்கரை வரை கேட்டது.

ஏரி கொதித்தது. சாம்பல் நாரைதான் அங்கே பெரிய தலை. "வெயில் சாயட்டும். எல்லாரும் கூடி அதைக் கொத்தித் தீர்த்துடலாம்" என்று சொல்லிவிட்டது. பாம்பு பயந்துபோய்க் கூவுகல்லுக்கு அடியில் இருந்த தன் பொந்துக்குள் சுருண்டுகொண்டது. ஆட்காட்டிக்கோ பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கரையில் நடந்தது.

உச்சி வேளையில் அது கரையில் படுத்திருந்த ஓர் எருமையின் பக்கத்தில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"காலையில என்ன அவ்வளவு கூச்சல்?" என்று அசைபோட்டபடி கேட்டது எருமை.

"தாழைக்கோழி முட்டையைப் பாம்பு தின்னுடுச்சு. உனக்குத் தெரியாதா?"

"எந்தக் கூடு? அந்த வேலமரத்துக்குக் கீழே, கோரைக்குள்ளயா? விடியுறப்ப நான் அந்தப் பக்கமாத்தானே இறங்கினேன். கால்ல என்னமோ நொறுங்குச்சு. நத்தைன்னு நினைச்சேன்."

ஆட்காட்டி ஓட்டமாக ஓடிக் கூட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தது. சேற்றில் பெரிய குளம்புத் தடம். தடத்துக்குள் முட்டை ஓட்டுத் துண்டுகள். பாம்பு விழுங்கியிருந்தால் ஓடு மிஞ்சியிருக்குமா? காலையிலேயே ஒருமுறை குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல் அல்லவா கூவித் தொலைத்தது!

வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. ஆட்காட்டி பரபரவென்று முக்குளிப்பானிடம் போனது.

"அண்ணே, பாம்பு தின்னிருக்காதோன்னு தோணுது" என்று மெல்லச் சொன்னது.

"கல்லுல ஏறிச் சொன்னியா?"

"இல்லண்ணே, சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னு..."

"அப்ப சரி" என்று சொல்லித் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது முக்குளிப்பான்.

சிறகு உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகத்திடமும் சொல்லிப் பார்த்தது. "கூவினதே நீதான், இல்லைங்கிறதும் நீதானா?" என்று அது சிரித்தது. கடைசியில் நாரையிடமே போய் நடந்ததையெல்லாம் கொட்டியது.

நாரை கழுத்தைச் சாய்த்து யோசித்தது. "தப்புன்னு நீயே கல்லுல ஏறிக் கூவினா, நாளைக்கு ஆள் வருதுன்னு சொல்றப்ப எவன் பறப்பான்? வலையில சிக்கி எல்லாரும் சாகணுமா? போனாப் போகட்டும், ஒரு பாம்புதானே" என்றது.

நாரை சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது. அதுதான் ஆட்காட்டியை இன்னும் வதைத்தது. கரையில் இங்குமங்கும் ஓடியது. தன் குரலைத் தவிர அதற்கென்று ஏரியில் வேறு மதிப்பு கிடையாது. அதுவும் போய்விட்டால் அது வெறும் ஒரு குருவி. வாயைத் திறக்காவிட்டாலோ, ஓர் உயிர் போய்விடும்.

அது முடிவெடுப்பதற்குள் பறவைகள் கூடிவிட்டன. நாரை பொந்துக்குள் அலகை விட்டுப் பாம்பை வெளியே இழுத்துப் போட்டது. நாலாபக்கமும் கொத்து விழுந்தது. "நான் தின்னலை, தவளை பிடிக்கத்தான் அங்க போனேன்" என்று பாம்பு கதறியது. பாம்பின் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆட்காட்டியால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கூவுகல்லில் ஏறியது. "காலையில நான் சொன்னது தப்பு! முட்டையை மிதிச்சது எருமை! பாம்பு தின்னதை நான் பார்க்கலை!" என்று மூன்று முறை கூவியது.

கொத்திய அலகுகள் அப்படியே நின்றன. தாழைக்கோழி ஆட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோரைக்குள் போய்விட்டது. அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு கொத்து வாங்கியிருக்கலாம் போல இருந்தது ஆட்காட்டிக்கு.

பாம்புக்கு ஒரு கண் போயிருந்தது. அது மெதுவாகத் தலையைத் தூக்கியது. "காலையில நீ கூவினப்ப எல்லாரும் ஏரியிலதான் இருந்தாங்க. இப்பப் பாதிப் பேர் மேயப் போயிட்டாங்க. அவங்களுக்கு யார் சொல்லுவா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. அந்த மழைக்காலம் முழுவதும் அன்று மேயப் போயிருந்த தென்கரைக் கொக்குகள் தண்ணீர்ப்பாம்பை எங்கே கண்டாலும் துரத்தித் துரத்திக் கொத்தின.

பாம்பு கொத்துப்பட்ட மறுநாள் காலை கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. ஆட்காட்டி கல்லில் ஏறி மூன்று முறை கூவியது. ஒரு சிறகுகூட அசையவில்லை. நாரை சொன்னது பலித்துவிட்டதே என்று அது பதறியது.

அப்போது நீர்க்காகம் கேட்டது. "நீயே பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். ஒருத்தன் தோள்ல வலை இருக்கு. மேற்குக் கரையோரமா வர்றாங்க. நீங்களே எட்டிப் பாருங்க."

நீர்க்காகம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அடுத்த நொடி ஏரி முழுவதும் எழுந்து பறந்தது.

தீர விசாரிக்காமல் ஊரறியச் சொன்ன தவறை ஊரறியவே திருத்த வேண்டும்; கேட்பவர்களும் கேள்வி கேட்ட பிறகே நம்ப வேண்டும்.