மதில் ஓரத்தில் நின்ற காற்று

“அம்மா, இந்தக் காத்துக்கு எம்மேல என்ன பகை?”

கேட்டவர் ஏட்டையா. வலது முழங்கையில் ரத்தம், வேட்டியெல்லாம் கஞ்சி.

மடத்து முற்றத்தில் உலகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேனு?”

“காலி.”

“இல்லத்துல காலியாச்சா, ரோட்டுலயா?”

ஏட்டையா வேட்டியில் ஒட்டிய கஞ்சியை உதறினார். போலீஸ் வேலை பார்த்தவர். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மாட்டார்.

உலகம்மாள்தான் அந்த மடத்துக்குத் தலைவி. ஏட்டையாவை விட வயதில் மிக இளையவள். இருந்தாலும் சிஷ்யர் அவர், குரு அவள். ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய பெயர் சுயம்புலிங்கம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ‘ஏட்டையா’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். மடத்திலும் அப்படியே கூப்பிட வைத்துவிட்டார்.

மடம் இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே. ஆடி பிறந்துவிட்டால் மேற்கிலிருந்து மேல்காற்று மலை இடுக்கு வழியாகப் பாய்ந்து வரும். அம்மி பறக்கும் என்பதைப் பழமொழியாக மட்டும் கேட்டவர்கள் அங்கே வந்து பார்க்கலாம்.

வடக்கே மடம், தெற்கே ஆதரவற்றோர் இல்லம். நடுவில் நேரான சாலை. தெற்கே போகிறவனுக்குக் காற்று முழுக்க வலது விலாவில் அடிக்கும். அந்தச் சாலையில் மத்தியானக் கஞ்சியைச் சைக்கிளில் கொண்டுபோவதுதான் ஏட்டையாவுக்குக் கொடுத்த ஆன்மிகச் சாதனை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கஞ்சி வழியில் கொட்டிப்போனால் மடத்தாருக்கு வைத்த கஞ்சி இல்லத்துக்குப் போய்விடும். மடத்துக்குப் பட்டினி. கொட்டியவரை யாரும் ஒரு சொல் கேட்கக் கூடாது.

அதுதான் ஏட்டையாவை வதைத்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பேசாமல் பசித்திருக்கிறவர்களை என்ன செய்வது?

இந்த ஆடியில் இது மூன்றாவது பட்டினி.

உலகம்மாள் எழுந்தாள். மடத்துக் கஞ்சியைக் கேனில் ஊற்றி, கேரியரில் வைத்து, பழைய டியூபால் இறுக்கிக் கட்டினாள். அதே காற்றில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒல்லியான உடம்பு. புடவை படபடவென்று அடித்தது. ஏட்டையா வாசலிலேயே நின்றார். எப்படியும் விழுவாள் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை.

கேன் காலியாக, புடவை சுத்தமாக, அவள் திரும்பி வந்தாள்.

“என்னை இந்த வேலையில இருந்து மாத்திருங்கம்மா. இல்லேன்னா மடத்த விட்டே போயிருதேன்.”

“எங்க போவிய?”

முப்பது வருடம் ஊரே நடுங்க நின்ற மனிதர், ஓய்வு பெற்ற மறுவாரமே படுக்கையில் விழுந்தார். எந்த டாக்டருக்கும் நோய் பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்.

“எங்க வச்சு விழுந்திய?” என்று கேட்டாள்.

“ரைஸ்மில் மதில் ஓரத்துல.”

“போன தடவ?”

“அதே மதிலு.”

“அதுக்கு முன்ன?”

“ஒரு பஸ்ஸு என்னைத் தாண்டிப் போச்சு. அதும் பக்கமாவே சாஞ்சுட்டேன். டிரைவரு நல்லவன், வண்டிய ஒடிச்சுத் திருப்பிட்டான்.”

“மதிலு வாறதுக்கு முன்ன?”

ஏட்டையாவின் நெஞ்சு நிமிர்ந்தது.

“அது வரைக்கும் மல மாதிரில்லா நின்னேன்! காத்து என்ன தள்ளு தள்ளினாலும் ஒரு அங்குலம் விட்டுக் குடுக்கல. கலவரத்தையே ஒத்த ஆளா நின்னு தடுத்தவன்மா நான். இந்தக் காத்து எம்மாத்திரம்?”

“எந்திரிங்க.”

எழுந்தார். உலகம்மாள் இரண்டு கைகளையும் அவருடைய வலது தோளில் வைத்தாள்.

“தள்ளப் போறேன். நில்லுங்க.”

“நீங்களா? என்னையா?”

தள்ளினாள். ஒல்லி உடம்பு என்று நினைத்தது தப்பு. ஏட்டையா காலை அகட்டினார். உடம்பு முழுவதையும் அவள் பக்கமாகச் சாய்த்தார்.

“இன்னும் தள்ளுங்கம்மா! பாத்திருவோம்!”

உலகம்மாள் விலகிக்கொண்டாள்.

ஏட்டையா கீரைப் பாத்தியில் கிடந்தார்.

“சொல்லாம கொள்ளாம கைய எடுத்தா எப்படி?” என்று கத்தினார்.

“காத்து உங்ககிட்ட சொல்லிட்டா நிக்கும்?”

“தள்ளினது நீங்கதான?”

“தள்ளும்போது நீங்க விழலையே.”

அவள் கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஏட்டையா பாத்தியை விட்டு எழவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காற்று இன்னும் மோசம். தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே திசையில் வாரிவிட்ட மாதிரி கிடந்தன.

ஏட்டையா கேனைக் கட்டினார். வழக்கமாக ஹேண்டில்பாரைத் திருடனின் சட்டைக் காலரைப் பிடிப்பது போலத்தான் பிடிப்பார். அன்று விரல்களைத் தளர்த்தினார்.

காற்று அடித்தது. சைக்கிள் ஆடியது. ஆடட்டும் என்று விட்டார். மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஏட்டையா போய் ஒரு காற்றுக்கு ஆடுவதா? ஆடினார்.

வலது கைப் பக்கம் ரைஸ்மில் மதில் வந்தது. காற்று நின்றது.

சைக்கிள் ஒரு தடவை அசைந்தது. பிறகு அதன் பாட்டுக்குப் போனது.

இல்லத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரி கேனை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன ஏட்டையா, இன்னைக்குச் சேதாரம் ஒண்ணையும் காணோம்?”

அவர் சிரித்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

மடத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாள் அவருக்குக் கஞ்சி ஊற்றி, பக்கத்தில் துவையல் வைத்தாள். அவர் கிண்ணத்தைத் தொடவில்லை.

“அம்மா.”

“ம்.”

“முப்பது வருசம் எத்தன பேரு என்னைத் தள்ளிப் பாத்தான். ஒரு நாள் நான் விழல.”

“ம்.”

“ரிட்டயர் ஆன மறுவாரம்...”

அத்தனை பேர் முன்னாலும் ஏட்டையா அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

உலகம்மாள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கஞ்சி ஆறுது. குடிங்க, சுயம்பு அண்ணாச்சி.”

அவர் திரும்பிப் பார்த்தார்.