பட்டுப்பூச்சி வாயிழந்த கதை

அந்தக் காலத்தில் பட்டுப்பூச்சிக்கு நல்ல இறகும் இருந்தது, நல்ல வாயும் இருந்தது. மலை தாண்டிப் பறக்கும், போகிற இடமெல்லாம் ஓயாமல் பேசும். இரண்டில் எதற்கு வேலை அதிகம் என்றால் வாய்க்குத்தான்.

அப்போது சீன தேசத்தில் ஓர் அரச வம்சம் கவிழ்ந்தது. புதிதாக வந்த அரசன் பழைய வம்சத்தில் ஒரு குழந்தையைக்கூட விட்டுவைக்கவில்லை. தப்பியவள் கடைசி இளவரசி நிங்லான் மட்டும்தான். அரண்மனையில் பட்டுப்புழு வளர்த்த ஷூமெய் என்கிற விதவை அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய், அக்காள் மகள் என்று சொல்லி வைத்துக்கொண்டாள். இளவரசி முசுக்கட்டை இலை பறித்தாள், புழுவுக்குத் தீனி போட்டாள், எச்சம் அள்ளினாள். கை காய்த்துப்போனது. ஆனாலும் பயமில்லாமல் தூங்கினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஊருக்குத்தான் போதவில்லை. சந்தையில் ஜனங்கள் புது அரசனைத் திட்டித் தீர்த்துவிட்டு, "இளவரசி சாகலையாம். மலையில வாள் பழகுறாளாம். வந்து இவன் தலையை எடுக்காம விடமாட்டாளாம்" என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனும் ஒரு கத்தியைத் தொடத் தயாராயில்லை. அந்த வேலையையும் ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

ஷூமெய் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த புழுத்தட்டில் பிறந்த பட்டுப்பூச்சி ஒன்று இதையெல்லாம் கேட்டு வந்து இளவரசியிடம் சொன்னது.

"ஊரே உங்களைப் பத்தித்தான் பேசுது, இளவரசி. நீங்க இங்க இருக்கறதை நான் சொல்லிடட்டுமா?"

"சொல்லாதே. நான் யாரையும் கொல்லப் போறதில்லை. நான் உயிரோட இருந்தா போதும்" என்றாள் நிங்லான்.

பூச்சி தலையாட்டியது. மறுநாளே சந்தைக்குப் பறந்துபோய், "மலையில இல்லை, எங்க ஊர்லதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டது. கேட்டவர்கள் அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் அரசன் காதுவரை போனது.

சிப்பாய்கள் வந்து ஊர்ப் பெண்களை எல்லாம் ஷூமெய் வீட்டில் நிறுத்தினார்கள். அது பட்டு வளர்க்கிற ஊர் என்பதால் எல்லோர் கையும் இலைக்கறை பிடித்து ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் சிப்பாய்களின் தலைவன் பழைய அரண்மனை வழக்கம் அறிந்தவன். வசந்தம் பிறந்ததும் புழுக்களுக்கு முதல் இலை கொடுப்பது அரசகுலப் பெண்களின் உரிமை. இலையின் ஈரத்தை அங்கியின் கையில் துடைத்து, இரு கைகளாலும் ஏந்தி, தலைகுனிந்து வைப்பார்கள். சிறுவயதிலிருந்து பழகியது மறக்காது என்று அவன் கணக்குப் போட்டான்.

"ஒவ்வொருத்தியா வந்து தீனி போடுங்க" என்றான்.

நிங்லானின் முறை வந்தது. அவள் ஒரு கூடை இலையைத் தூக்கித் தட்டில் கொட்டினாள். பிறகு மூக்கைச் சிந்தி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தலைவன் அவளை இரண்டாம் முறை பார்க்கவில்லை. கடைசிப் பெண்ணும் போட்டு முடித்தாள். சிப்பாய்கள் வாசலுக்குத் திரும்பினார்கள். ஷூமெய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பட்டுப்பூச்சியால் அதைத் தாங்க முடியவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுவதுபோலவா தன் இளவரசி தீனி போடுவாள்? இந்த முரடர்கள் அவளை யாரோ என்று நினைத்துக்கொண்டு போவதா? அது நேராகப் பறந்துபோய் நிங்லானின் தோளில் உட்கார்ந்தது.

"இவங்க வேணும்னே அப்படிப் போட்டாங்க. முதல் இலையை இவங்க ஏந்தி வைக்கிற அழகை நீங்க பார்த்திருக்கணும்" என்றது.

தலைவன் திரும்பி வந்தான். ஷூமெய் அவன் காலைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டான்.

நிங்லான் பூச்சியைத் தோளிலிருந்து எடுத்துத் தட்டில் விட்டாள்.

"என் பெருமையைப் பேசின வாய்க்கு இனி இரை வேண்டாம். என் சேதியைச் சுமந்த இறகு உன்னையும் சுமக்க வேண்டாம்" என்றாள். பிறகு சிப்பாய்களோடு நடந்தாள். ஊர் எல்லையிலேயே அவளை வெட்டிவிட்டார்கள்.

சந்தையில் கதை அதன் பிறகும் நிற்கவில்லை. வெட்டுப்பட்டவள் வேறு யாரோ, இளவரசி இன்னும் மலையில்தான் இருக்கிறாள் என்றார்கள். புது அரசன் கிழவனாகி, பட்டு மெத்தையில் தூக்கத்திலேயே செத்தான். அவள்தான் கொன்றாள் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். நிங்லானை அடக்கம் செய்ய ஷூமெய் கூப்பிட்டபோது மட்டும் ஒருவரும் வரவில்லை.

நிங்லான் அப்படிச் சொன்ன நாள் முதல்தான் பட்டுப்பூச்சி கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாலும் பறப்பதில்லை, எதையும் தின்பதுமில்லை. இட வேண்டிய முட்டையை இட்டுவிட்டுப் பட்டினியாகச் செத்துப்போகிறது.