மூச்சுக் கருவியும் இரண்டு சிறுமிகளும்

டாக்டர் மெஹருன்னிசாவிடம் பாடம் கேட்க வந்த இன்பசேகரனுக்கு அவரைவிட ஏழெட்டு வயது கூடுதல். இவரும் கெட்டிக்கார டாக்டர்தான். ஆனால் ஒரு பிள்ளை இருமினால் போதும், மருந்துக்கு முன்னால் இவர் கண்ணீர் வந்து நிற்கும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றொரு பரம்பரை நோய். நுரையீரலில் சளி பசையாக இறுகி மூச்சை அடைக்கும். அதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டா என்று மெஹருன்னிசாவின் மருத்துவமனையில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டு மருந்தும் போகும்; சிலருக்கு ஒரு மருந்தோடு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டர்களுக்கும் தெரியாது.

இன்பசேகரன் மட்டும் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். துருதுருவென்று இருக்கும் ஜெசிந்தாவுக்கு இரண்டு மருந்தும். இருமி இருமிச் சோர்ந்த நறுமுகைக்கு மாவு. அன்று காலை நறுமுகையின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைக்கு எந்த மாத்திரை என்று அழுதிருந்தார். இன்பசேகரனால் தாங்க முடியவில்லை.

"மேடம், இந்தக் குழந்தைக்கு மட்டும் என்ன போகுதுன்னு பட்டியல் வச்சிருக்கறவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. மாவுன்னா நிறுத்திடலாம்."

"ரெண்டு பேருக்கும் ஊதுற டெஸ்ட் எடுங்க. நான் பாக்கறேன்" என்றார் மெஹருன்னிசா.

ஜெசிந்தா மூச்சின் பலத்தை அளக்கும் கருவியில் ஊதினாள். ஊது, இன்னும் இருக்கு, விடாதே என்று இன்பசேகரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். திரையில் கோடு நன்றாக ஏறியது.

ஒருவர் கிருமி மற்றவருக்கு ஒட்டக் கூடாது. அதனால் அவள் போய், அறையைத் துடைத்துக் காற்றாட விட்ட பிறகுதான் நறுமுகையை அழைத்தார்கள். இன்பசேகரனின் குரல் தானாகத் தணிந்தது. அவள் முகம் சிவப்பதைக் கண்டதும், "போதும்டா கண்ணு, போதும்" என்றார். அவள் வாயை எடுத்துவிட்டாள். கோடு தாழ்ந்தே நின்றது.

"பாத்தீங்களா மேடம்?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மெஹருன்னிசா சிறுமியைக் கொஞ்சம் இளைப்பாற விட்டார். பிறகு அவள் எதிரே மண்டியிட்டு, அவளோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்து, கன்னம் உப்ப ஊதிக் காட்டினார். கையை ஆட்டி ஆட்டி, இன்னும், இன்னும் என்றார். நறுமுகை விடாமல் ஊதினாள். ஜெசிந்தா அளவுக்கு இல்லை. ஆனால் இந்த அறையில் அவள் இதுவரை ஊதியதிலேயே அதுதான் அதிகம்.

அவள் சிரித்துக்கொண்டே வெளியே போனாள்.

"அப்ப இவளுக்கும் ரெண்டு மருந்துதானா?" என்றார் இன்பசேகரன்.

"எனக்குத் தெரியாது."

இன்பசேகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தனை நாள் நான் எடுத்த அளவெல்லாம்..."

"அது உங்களோட அளவு. அவளோடது இல்ல." மெஹருன்னிசா அவர் தோளில் கை வைத்தார்.

இன்பசேகரன் வாசல் பக்கம் பார்த்தார். "அவங்கம்மா வெளிய காத்திருக்காங்க. நான் என்ன சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. தெரிஞ்ச முகத்தோட சொல்லாதீங்க."