சாய்கோட்டின் மேல் பிளாஸ்திரி

"இந்த விரலை வெட்டிப் போட்டுடலாம்னு தோணுது டீச்சர்" என்றார் அருளாந்து.

முப்பத்திரண்டு வயது மும்தாஜ் டீச்சர் தன் ஐம்பத்தேழு வயது சீடரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த விரல்?"

அவர் வலது கைச் சுண்டு விரலை நீட்டினார்.

மேலக்காடு பஸ் டெப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவர் அருளாந்து. எந்த டிரைவருக்கு எந்த வண்டி, யாருக்கு எப்போது ஓய்வு, எல்லாம் அவர் கையில்தான். இருபத்தாறு வருஷம் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கறுப்புத் திரை. அதில் மௌஸ் என்கிற பேச்சே கிடையாது. சாய்கோடு (/) விசையைத் தட்டினால் மெனு வரும். அப்புறம் ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. வேலை முடிந்தது.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதுசு வந்தது. திரையைத் திறந்தால் திருவிழாக் கடை மாதிரி ஒரே பட்டன்கள். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் மும்தாஜ் டீச்சர். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டார்.

மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "பழசையெல்லாம் மறந்துடுங்க சார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள திருவிழா ஸ்பெஷல் சார்ட் போர்டுல ஏறணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீங்க டயர் ரூம்."

டயர் ரூம்! பாவம் மனுஷன், இந்த வயசில் டயர் உருட்டுவதா?

"மறக்கத்தான் டீச்சர் பாக்கறேன். இந்தச் சனியன் பிடிச்ச விரல் தன்னால சாய்கோட்டுக்குப் போயிடுது. அதான் பிளாஸ்திரி ஒட்டிட்டேன்."

"விரல்லயா?"

"விசையில."

டீச்சர் குனிந்து பார்த்தார். மெய்தான். கீபோர்டில் சாய்கோடு விசைக்குக் கட்டுப் போட்டிருந்தது.

மணி நாலேகால்.

திரையில் இருநூற்றுப் பதினாலு டிரைவர்களின் பெயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. கடைசியாக யார் எப்போது ஓய்வெடுத்தார் என்ற தேதிப்படி அவற்றை அடுக்க வேண்டும். அடுக்காமல் சார்ட் போட வழியில்லை. அருளாந்து மௌஸைப் பிடித்தார். அம்புக்குறி இந்த மூலைக்கு ஓடியது, அந்த மூலைக்கு ஓடியது, நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கவில்லை.

"எந்தப் பட்டன் டீச்சர்? கொஞ்சம் சொல்லுங்களேன்!"

டீச்சர் விசையிலிருந்து பிளாஸ்திரியை உரித்தார். மௌஸைக் கவிழ்த்து, அடியில் எரிந்த சிவப்பு விளக்கின் மேல் அதை ஒட்டினார்.

"ஐயையோ! இனிமே அது நகராதே!"

"ஆமா."

"நான் என்ன பண்ணுவேன்?"

"இருபத்தாறு வருஷம் என்ன பண்ணீங்க?"

"அது பழசு டீச்சர்! இதுக்கு அந்தப் பாஷையெல்லாம் புரியாது!"

"பேசிப் பாத்தீங்களா?"

அருளாந்து சுண்டு விரலைப் பார்த்தார். ஒரு தடவைகூடப் பேசிப் பார்த்ததில்லை. சாய்கோட்டைத் தொட்டதுமே சூடு பட்டவர் போல விரலை இழுத்துக்கொள்வார்.

"எக்குத்தப்பா எதையாவது தட்டி, எல்லாம் அழிஞ்சுட்டா?"

"டயர் ரூம்" என்றார் டீச்சர்.

அருளாந்துக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்தார். சுண்டு விரல் போய் உட்கார்ந்தது.

சாய்கோடு.

திரையின் உச்சியில் குட்டிக் குட்டி எழுத்துகள் முளைத்தன.

டி.

ஒரு சின்னப் பெட்டி எட்டிப்பார்த்தது. அருளாந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பழைய பதிப்பில் தட்டும் எழுத்துகளைத் தொடர்ந்து தட்டவும் என்று, அந்தப் புதுசே, எழுதியிருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எஸ்.

அடுக்கும் பெட்டி திறந்தது. விசைகளாலேயே தேதியைத் தேர்ந்தெடுத்து, என்டரை ஓங்கித் தட்டினார். இருநூற்றுப் பதினாலு பேரும் ஒரே நொடியில் வரிசையில் நின்றார்கள்.

"அடி சக்கை!"

அவர் போட்ட கூச்சலில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் அந்த விரல்களைப் பிடிக்க யாரால் முடியும்? நாலு ஐம்பதுக்கு சார்ட் போர்டில் ஏறிவிட்டது. மேனேஜர் வந்து பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வந்த வழியே போனார்.

அருளாந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

"டீச்சர், இது வேலை செய்யும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியாது."

"தெரியாதா!"

மும்தாஜ் டீச்சர் ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"சாய்கோடு, டி. அப்புறம் என்ன சார்?"