பதினொன்றாவது படி

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலையை ஒட்டி ஓர் ஆசிரமம். அங்கே குரு ஒரு பெண்மணி. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அந்த மண்ணிலேயே பிறந்தவர்; இந்தியாவைப் பார்த்ததில்லை. எல்லோரும் அம்மா என்பார்கள்.

இசக்கியப்பன் அவரைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் சீடர். திருநெல்வேலிப் பக்கம் ஆலடிவிளைக்காரர். ஊரை விட்டு வந்து பத்தொன்பது வருஷம். ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. யாராவது ஊர்ப்பேச்சு எடுத்தால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

சனிக்கிழமை அன்னதானம் முடிந்ததும், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் டீயும் கையுமாக உட்காருவார்கள். தவசிக்கனி என்று ஒருவர், இவருக்கு அதே ஊர். அவர் "நம்மூரு தண்ணி இருக்கே..." என்று ஆரம்பித்தால் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். இசக்கியப்பன் டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து போவார்.

ஒருநாள் காலையில் அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, பற்று கூடாது, ஊருக்குப் போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். தங்கச்சிகிட்ட அப்படியே சொல்லிருவேன்."

தங்கைக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் வரட்டும், வரட்டும் என்று தள்ளிப்போட்டதில் குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டது. இந்த ஆவணிக்கும் வராவிட்டால் வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடுவதாகத் தங்கை போனில் சொல்லிவிட்டாள். சொன்னவள் அழுதாள்.

"போறதுக்கென்ன?" என்றார் அம்மா.

"போனா நானும் தவசிக்கனி மாதிரி ஆயிருவேன். அவன் சொல்லுதது அம்புட்டும் பொய்."

"அம்புட்டுமா?"

"ஒண்ணுகூட நெசம் கிடையாது."

"அப்ப வர்ற சனிக்கிழமை அவரு பக்கத்துல உட்காருங்க. பொய்யையெல்லாம் எழுதிக்கிட்டு வாங்க. அப்புறம் நீங்க கேட்ட வார்த்தையைச் சொல்றேன்."

ஞாயிறு காலையில் இசக்கியப்பன் வந்தார். நாற்பது பக்க நோட்டு நிரம்பியிருந்தது. கேஸ் ஜெயித்த முகம்.

"படிங்க."

"குளத்துத் தண்ணி எளநீராட்டம் இனிக்குமாம். சித்திரையில பாசி நாத்தம் குடலைப் புரட்டும்மா. மேலத்தெருக் கிணத்துத் தண்ணிதான் இனிக்கும். அதுவும் ஐப்பசி மழைக்கு அப்புறந்தான்."

"சரி."

"செல்லையா கடை வடை அமிர்தமாம். வியாழக்கிழமை, சந்தையன்னைக்கு மட்டுந்தான் அந்தாளு எண்ணெய் மாத்துவாரு. மத்த நாள் வடையை நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

அம்மா சிரித்துவிட்டார். இசக்கியப்பன் சிரிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பினார்.

"ஏழரை மணி பஸ்ஸு எல்லாருக்கும் நிக்குமாம். எங்க நின்னுச்சு? எஸ்தர் டீச்சர் ஓடி வந்தா மட்டும் நிக்கும். அதுக்குன்னே டிரைவர் கண்ணாடியப் பாத்துக்கிட்டு வருவாரு."

படிக்கப் படிக்கக் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனது அவருக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கம் வந்தது.

"குளத்துப் படித்துறைக்கு இருபத்தொரு படியாம். பதினெட்டுதான்! அதுலயும் பதினொண்ணாவது படி ஆடும்."

"எந்தப் பக்கம் ஆடும்?"

"இடது பக்கம். நானும் தங்கச்சியும் அதுல மட்டும் கால் வைக்க மாட்டோம். இந்தா, இப்படி..."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழவழவென்றிருந்த சிமெண்டுத் தரையில், இல்லாத ஒரு படியைத் தாண்டிக் கால் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். இதற்குத்தானே இத்தனை வருஷமும் பயந்தோம் என்று அவர்மேலேயே அவருக்கு எரிச்சலாக வந்தது.

அம்மா நோட்டை வாங்கி மூடினார்.

"மொட்டை போட்டு, குழந்தையை அந்தக் குளத்துலதான் குளிப்பாட்டுவாங்களா?"

"ஆமாம்மா. அங்கதான்."

"சரி, நீங்க கேட்ட வார்த்தை. போக வேணாம். தவசிக்கனியை அனுப்பி வைப்போம். ஆடுற படி எதுன்னு தெரியாம, இருபத்தொரு படின்னு எண்ணிக்கிட்டே குழந்தை கையைப் பிடிச்சு இறக்கி விடட்டும்."