வைத்தியலிங்கத்தை யார் கூப்பிட்டது?

பிள்ளைக்கு நோவு கண்டால், அதைத் தீர்க்கும் சாமியை வேண்டிக்கொண்டு வைத்தியலிங்கம் என்று பேர் வைத்த காலம் ஒன்று இருந்தது. ஊசி மருந்து வந்தது, ஊரெல்லாம் சுரேஷும் ரமேஷுமாகிப் போனது. மிராசுதார் வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் செங்கமலத்துக்கு ஆண் பிள்ளை பிறந்ததும் உத்தரவு போட்டார்.

"என் பேரைத்தான் வைக்கணும். சுருக்கிக் கூப்பிடக் கூடாது. தெருவுக்கே கேக்கணும்!"

"பிள்ளையைத் திட்ட வேண்டி வருமுங்களே ஐயா?"

"திட்டினாலும் முழுப் பேர்தான்!"

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையிலிருந்து செங்கமலத்தின் குரல் கணீரென்று கேட்டது.

"டேய் வைத்தியலிங்கம்! சாணியைத் துப்புடா! டவுசர் எங்கடா?"

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். மிராசுதார் கொல்லைக்குப் பாய்ந்தார்.

"இன்னிக்கே பேரை மாத்து! இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

வீட்டு அம்மாள் தினமும் பிள்ளையைக் கொஞ்சுவது செங்கமலத்துக்குத் தெரியும். பிள்ளையைச் சமையற்கட்டுப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள்.

"மாத்திடறேங்க ஐயா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்திடறேன்."

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. முப்பது வருஷமாகப் புருஷன் பேரை வாயால் சொல்லாத அம்மாளின் குரல்.

"வைத்தியலிங்கம்! வாடா என் தங்கமே, எனக்கு ஒரு முத்தம் குடு!"

"தோ வந்துட்டேன்" என்று மிராசுதார் ஓரடி எடுத்து வைத்துவிட்டார்.

செங்கமலம் தலையைக் குனிந்துகொண்டாள். மிராசுதார் தொண்டையைச் செருமினார்.

"பேரு இருக்கட்டும். நாளைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா."