வேலிக்கு அப்பால் ஒரு கபர்

ராகிபின் உம்மா விடியலில் மௌத்தானார். அவர்களுடைய நாட்டைத் தனி நாடாக இன்னும் சில நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டதாக ரேடியோ சொன்னதும் அதே காலையில்தான்.

பாலஸ்தீனத்தில் ஒரு மலையூர் அது. வீடுகள் வேலிக்கு இந்தப் பக்கம். ஒலிவத் தோப்புகளும், ஊரின் இடுகாடான கபர்ஸ்தானும் அந்தப் பக்கம். நடுவில் ஓர் இரும்புக் கேட். ஒலிவம் பறிக்கும் பருவத்தில், அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் அது திறக்கும். இப்போது ஒலிவம் பூத்துக்கொண்டிருந்தது; பறிக்க இன்னும் பல மாதம் இருந்தது.

"என்னை உன் வாப்பாவுக்குப் பக்கத்தில் வை." உம்மா மகனிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றைத்தான். அங்கே இறந்தவரின் மய்யத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட வேண்டும்.

அந்தப் பக்கத்தில் தங்கிப்போன சின்னாப்பா, வாப்பாவின் தம்பி, போனில் சொன்னார். "குழி வெட்டியாயிற்று. அண்ணனை ஒட்டினாற்போல் வெட்டியிருக்கிறோம். கொண்டுவந்துவிடுங்கள்."

கேட் கூப்பிடு தூரம்தான்.

ராகிப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். வஸ்ஃபி ஷேக்கின் சீடன். வயதில் ஷேக் அவனைவிடச் சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் ராகிப் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. தொழவைக்க வந்திருந்த அவரிடம் வாசலிலேயே கேட்டான்.

"ஷேக், நாம் இப்போது ஒரு நாடா?"

ஷேக் உள்ளே கைகாட்டினார். "குளிப்பாட்டி முடித்துவிட்டார்களா, பார்" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மச்சான் நிமர் சும்மா இருக்கவில்லை. "நாடு வந்துவிட்டது, மச்சான். மாமிக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். ஜம்மென்று போய்ச் சேரட்டும்."

"வாயை மூடு, நிமர்."

"நான் மூடிக்கொள்வேன். கேட்டை யார் திறப்பது?"

தொழுகை முடிந்து, மய்யத்தை வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள். கேட்டுக்கு முன்னால் இறக்கினார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய் உடைந்த அரபியில் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான்.

"திறக்க எனக்கு உத்தரவு இல்லை. பருவத்துக்கு மட்டும்தான்."

"அதோ, இங்கிருந்தே தெரிகிறது" என்றான் ராகிப். "அந்தக் குழி என் உம்மாவுக்கு வெட்டியது."

சிப்பாய் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தான். புதுமண் குவியல். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இரண்டு கிழவர்கள்.

"தெரிகிறது. அது உங்கள் உம்மாவுடையதுதான். யார் இல்லையென்றது? வேறு எவரையும் அதில் வைக்க விடமாட்டேன், போதுமா?"

"அப்படியென்றால் திற."

சிப்பாய் தொலைநோக்கியை உறையில் போட்டான். "போன குளிர்காலம் இந்த வழியாக வந்தவன் ஒருவன் என் கூட்டாளியைச் சுட்டான். அவனுக்குத் திறந்துவிட்டவனும் பாவம் பார்த்துத்தான் திறந்தான்."

ராகிப் சந்தூக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தப் பக்கமிருந்து ஒரு கறுப்பு வண்டி வந்தது. முன்னால் சின்னதாக ஒரு கொடி. சிப்பாய் நம்பர் பலகையைப் பார்த்தான், எங்கோ பேசினான். கேட் திறந்தது. சந்தூக்கைச் சுற்றி நின்றவர்கள் தங்களை அறியாமல் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். வண்டி உள்ளே வந்தது. கேட் மூடிக்கொண்டது.

வந்தவர் ஒரு தூதர். அன்று காலை ஒப்புக்கொண்ட நாடுகளில் ஒன்று அவருடையது. வேலியோரத்து ஊர் ஒன்றுக்கு நேரில் போய் நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று ஒரு பெட்டி நிறைய இனிப்போடு வந்திருந்தார். சந்தூக்கைப் பார்த்ததும் பெட்டியைக் கோட்டுக்குள் ஒளிக்கப் பார்த்தார். அது பெரிய பெட்டி.

வந்தவரை வாசலில் நிறுத்தக்கூடாது என்று வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பக் கொண்டுவந்த மய்யத்தை உள்ளறையில் இறக்கிவிட்டு, துக்க வீட்டுக் காபி ஊற்றினார்கள். சர்க்கரை போடாத காபி.

தூதர் நன்றாக அரபி பேசினார். "உங்கள் துக்கத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் இன்று பெரிய நாள். இனிமேல் இது உங்கள் வீடு மட்டுமில்லை, உங்கள் நாடு. நான் உங்கள் விருந்தாளி."

ஷேக் தமது கோப்பையை உதட்டில் வைக்காமல் தரையில் வைத்தார்.

அந்தப் பக்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்று கேட்க வந்த விருந்தாளி காபியைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிடுவார். வீட்டுக்காரர் என்ன ஏதென்று விசாரிக்காமல், "குடியுங்கள், கேட்டது ஆயிற்று" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மறுத்தவர் வீட்டில் அப்புறம் யாரும் காபி குடிப்பதில்லை.

தூதருக்கு வழக்கம் தெரிந்திருந்தது. சிரித்தார். "கோப்பையை நானல்லவா கீழே வைக்க வேண்டும், ஷேக்? விருந்தாளி நான்."

"கேட் யாருக்குத் திறந்தது?"

"எனக்கு."

"அப்படியென்றால் வீட்டுக்காரர் நீங்கள். நாங்கள் கேட்க வந்தவர்கள்."

தூதரின் காதுகள் சிவந்தன. நல்ல மனிதர்தான். "குடியுங்கள், ஷேக்" என்றார். "கேட்டது ஆயிற்று."

ஷேக் கோப்பையை எடுத்து அடிவண்டல் வரைக்கும் குடித்தார்.

"ராகிபின் உம்மாவை உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் யாரும் கூட வரவில்லை. அந்தப் பக்கம் இறக்கிக்கொள்ள ஆள் நிற்கிறது."

ராகிப் தலை தூக்கினான். "மகன் நான் குழியில் இறங்காமலா?"

"நீ இறங்காமல்."

ராகிப் உள்ளறைக் கதவைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான்.

தூதர் போனோடு முற்றத்துக்குப் போனார். வெகுநேரம் பேசினார். அவர் குரல் ஒருமுறை உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது, பிறகு "சரி, சரி" என்பது மட்டும் கேட்டது. நிழல் சுவரேறிவிட்டது. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"கொள்கையளவில் எங்கள் அரசாங்கத்துக்கு இதில் மறுப்பே இல்லை. ஆனால் எங்கள் வண்டியில் ஏற்றினால் ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும் என்கிறார்கள். கேட் விஷயம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதாம்."

"ஒரு தரப்பு உள்ளே படுத்திருக்கிறது" என்றான் நிமர். "எழுப்பட்டுமா?"

தூதர் அவனைப் பார்க்கவில்லை. ராகிபின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அந்தக் குழி உங்கள் உம்மாவுடையது. அந்தக் கபர்ஸ்தான் முழுவதுமே உங்களுடையது. அதை நாங்கள் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்."

ஷேக் காலிக் கோப்பையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

வண்டி போனது. கேட் திறந்தது, மூடியது. இனிப்புப் பெட்டி ஜன்னலோரம் கிடந்தது. அதை யாரும் பிரிக்கவில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் பாதாம் மரத்தடியில் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். பாறை தட்டியது. கொஞ்சம் தள்ளித் தோண்டினார்கள். ராகிப் குழியில் இறங்கி உம்மாவைக் கையில் வாங்கினான். மண் தள்ளும்போது அவன் வேலிப் பக்கம் பார்க்காமலே தள்ளினான்.

எல்லாரும் போன பிறகு போன் அடித்தது. சின்னாப்பா.

"ராகிப், இருட்டுகிறது. நாங்கள் இன்னும் இங்கேதான் நிற்கிறோம். இந்தக் குழியை என்ன செய்வது? மூடிவிடட்டுமா?"

ராகிப் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"ஷேக், மூடிவிடச் சொல்லட்டுமா?"

ஷேக் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது யாருடைய குழி?"

"என் உம்மாவுடையது."

"இல்லையென்று யாராவது சொன்னார்களா?"

"யாரும் சொல்லவில்லை. சிப்பாயும் ஒப்புக்கொண்டான். தூதரும் ஒப்புக்கொண்டார்."

"நாம் ஒரு நாடா என்று காலையில் என்னிடம் கேட்டாயே" என்றார் ஷேக். "அதை இப்போது கேள்."

பொத்திய கைக்குள் சின்னாப்பாவின் குரல் "ஹலோ, ஹலோ" என்றது.

ராகிப் அதை மறுபடி கேட்கவில்லை.